‘இல்லை’ என்பதும் ஓர் அறிவு

(வெள்ளி விழாவையொட்டி, மாலைப் பயிற்சி வகுப்பு மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கரும்பலகையில் வரைந்து காட்டியவை இங்கே சொற்களால் விளக்கப்பட்டுள்ளன.)

 

வெள்ளி விழாவில் நான் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, ‘கல்வியின் சிறப்பு’ என்னும் தலைப்பைக் கொடுத்தார்கள். கல்வியின் சிறப்பை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாள் முழுதும் கூலி வேலை செய்துவிட்டு வந்து, பிள்ளையை இந்த வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, இரவு ஒன்பது மணி வரை வாசற்படியில் காத்திருக்கும் தாய்க்குத் தெரியாத கல்வியின் சிறப்பு எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. ஆகவே, அந்தத் தலைப்பை விட்டுவிட்டு, ஒரே ஒரு புதிரைப் போட்டு, அதை உங்கள் முன்னிலையில் விடுவித்துக் காட்ட இசைவு தாருங்கள் என்று கேட்டேன். செயலாளர் சற்றே வியந்தார், ஆயினும் இசைந்தார்.

சென்ற ஆண்டு இவ்வகுப்பில் நிகழ்ந்த ஒன்றே இதற்குக் காரணம். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, பொது அறிவில் நல்ல தேர்ச்சி உடையவர். இலக்கணத்தில் எவரும் அவரை மடக்க முடியாது. அப்படிப்பட்டவர், மாதிரித் தேர்வில் தருக்கத் திறன் பகுதியை ஒரு கோடுகூட வரையாமல் அப்படியே விட்டுவைத்திருந்தார். ஏனம்மா என்று கேட்டேன். “ஐயா, அதெல்லாம் சின்ன வயதிலிருந்தே பழக்கம் இருக்கிறவர்களுக்கு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வராது” என்றார்.

‘வராது’ என்ற அந்தச் சொல் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. பிறர் நம்மிடம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி, முடிவில் நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளப் பழகிவிட்ட சொல் அது. அந்தச் சொல்லைச் சோதித்துப் பார்ப்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

தேர்வுகளில் இதன் இடம்

பொழுதுபோக்குப் புதிரை விழா மேடைக்குக் கொண்டு வரலாமா என்று சிலர் எண்ணக்கூடும். வங்கி அதிகாரிப் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் 100 வினாக்களில் 35 வினாக்கள் தருக்கத் திறன் பற்றியவை. அவற்றுக்கு 20 நிமிடங்களே உண்டு. தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு கழிக்கப்படும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவுக்கு உரியவை. இந்தியக் குடிமைப் பணித் தேர்வின் முதல்நிலையில் 2011 முதல் இதற்கெனத் தனித்தாளே உண்டு. 2015 முதல் அதில் நூற்றுக்கு 33 எடுத்தாலன்றி மற்றத் தாளின் மதிப்பெண் எண்ணப்படுவதில்லை. ஆகவே, இந்தக் கட்டங்கள் நம் பிள்ளைகளின் சோற்றோடு தொடர்புடையவை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வரலாற்று வினாவுக்கு விடை எழுத நூல்கள் வேண்டும். ஆங்கில வினாவுக்கு அம்மொழி காதில் விழும் வீடு வேண்டும். இவ்வகைப் புதிருக்கு வேண்டியதெல்லாம் வினாத்தாளில் அச்சிட்ட நான்கைந்து வரிகளே. முப்பாட்டன் படித்தவரா, கைநாட்டு வைத்தவரா என்று அது கேட்பதில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனும், மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளையும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கும் இடம் அது. ஆனால் ஓடும் முறையை ஒருவர் காட்டித் தர வேண்டும். காட்டித் தராததைத்தான் நாம் ‘வராது’ என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம்.

அளவை நெறி

இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று எண்ண வேண்டா. ஆராய்ந்து முடிவு காணும் நெறிக்குத் தமிழில் அளவை என்று பெயர். மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியைக் கற்பிக்கிறார். நேரே கண்டறிவது ஒன்று, கருதியறிவது ஒன்று என அறியும் வழி இரண்டு என்கிறார். ஒரு கருத்தை நிலைநாட்டப் பக்கம், ஏது, திட்டாந்தம் வேண்டும் என்கிறார். அதாவது, சொல்லும் முடிவு, அதற்குரிய காரணம், அதற்குரிய எடுத்துக்காட்டு. கேட்டுக்கொண்டிருப்பவள் கணிகையர் குலத்தில் பிறந்த ஓர் இளம்பெண். அவளுக்கு இது வராது என்று அடிகள் எண்ணவில்லை. பிழையான காரணங்கள் எத்தனை வகைப்படும் என்பது வரை ஒன்று விடாமல் சொல்லித் தருகிறார்.

இதைக் கட்டம் போட்டுக் கற்பிக்கலாம் என்று காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியராக இருந்த சார்லஸ் டாட்சன். லூயி கரோல் என்னும் புனைபெயரில் குழந்தைகளுக்குக் கதை எழுதியவரும் அவரே. 1880-களில் அவர் வெளியிட்ட தருக்க விளையாட்டு நூலுடன், கட்டம் வரைந்த ஓர் அட்டையும் ஒன்பது காய்களும் வந்தன. சிவப்புக் காய் வைத்தால் ‘இங்கே உண்டு’ என்று பொருள். சாம்பல் நிறக் காய் வைத்தால் ‘இங்கே இல்லை’ என்று பொருள். சிவப்புக் காய்கள் நான்கு. சாம்பல் நிறக் காய்கள் ஐந்து. ‘இல்லை’ என்பதற்கும் அவர் ஒரு காய் கொடுத்தார் என்பதை மனத்தில் வையுங்கள். என் பேச்சின் உயிர்நாடி அதுவே.

இவ்வகைப் புதிர்களுள் உலகப் புகழ் பெற்றது, 1962 டிசம்பர் 17-ஆம் நாளிட்ட ‘லைஃப் இன்டர்நேஷனல்’ இதழில் வெளிவந்தது. வரிசையாக ஐந்து வீடுகள், ஐந்து நிறங்கள், ஐந்து நாட்டவர், ஐந்து வகைப் பானம், புகை, வளர்ப்பு விலங்கு. தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை வளர்ப்பவர் யார் என்பன வினாக்கள். ஐன்ஸ்டைன் சிறுவயதில் இதை இயற்றினார் என்று பலரும் சொல்லிவருகின்றனர். அதற்குச் சான்று ஏதுமில்லை. இந்த ஐந்து வகைகளையும் ஐந்து வீடுகளில் மாற்றி மாற்றி அமைத்தால் 2488 கோடியே 32 லட்சம் அமைப்புகள் உண்டாகும். நொடிக்கு ஒன்றாகச் சோதித்தாலும் ஓர் ஆயுள் போதாது. ஆனால் கட்டம் போட்டவர் ஒரு மணி நேரத்திற்குள் விடை காணலாம்.

அப்புதிரில் ஒரு நுட்பம் உண்டு. கொடுக்கப்பட்ட குறிப்புகள் ஒன்றில்கூடத் தண்ணீர் என்ற சொல் வராது; வரிக்குதிரை என்ற சொல்லும் வராது. எதைப் பற்றி எவருமே பேசவில்லையோ அதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும். இறுதியில் நார்வே நாட்டவர் தண்ணீர் குடிக்கிறார் என்றும், ஜப்பானியர் வரிக்குதிரை வளர்க்கிறார் என்றும் ஐயமற முடிவாகிறது.

நம் புதிர்

இனி, நமக்காக நான் புனைந்த புதிருக்கு வருவோம். தாளும் பென்சிலும் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலை, பொன்னி, மாரிமுத்து, வேலு என நால்வர். ஆசிரியர், செவிலியர், வங்கி எழுத்தர், இரயில் ஓட்டுநர் என நான்கு பணிகள். 1991, 1994, 1997, 2000 என நான்கு ஆண்டுகள். ஒருவருக்கு ஒரு பணி. ஓர் ஆண்டில் ஒருவரே பணியில் சேர்ந்தார். யார், எப்பணியில், எவ்வாண்டில் சேர்ந்தார்? குறிப்புகள் நான்கு:

1. மாரிமுத்து சேர்ந்தபின் வேலு சேர்ந்தார். வேலு சேர்ந்தபின் இரயில் ஓட்டுநர் சேர்ந்தார்.
2. வங்கி எழுத்தர் சேர்ந்து சரியாக 3 ஆண்டுகள் கழித்துச் செவிலியர் சேர்ந்தார்.
3. பொன்னி 1994-இல் சேர்ந்தார்.
4. 1991-இல் சேர்ந்தவர் வங்கி எழுத்தர் அல்லர்.

நால்வருக்கு நான்கு பணிகளை 24 வகையாகப் பங்கிடலாம். ஆண்டுகளையும் 24 வகையாகப் பங்கிடலாம். ஆக 576 அமைப்புகள். அவற்றுள் ஒன்றுதான் மெய்.

கட்டம் வரையும் முறையைக் கூறுகிறேன். மேற்புறம் இடமிருந்து வலமாக நான்கு பணிகளையும் அவற்றையடுத்து நான்கு ஆண்டுகளையும் எழுதுங்கள். இடப்புறம் மேலிருந்து கீழாக நான்கு பெயர்களையும் அவற்றின் கீழ் மீண்டும் நான்கு ஆண்டுகளையும் எழுதுங்கள். இப்போது பெயருக்கும் பணிக்கும் ஒரு சதுரம், பெயருக்கும் ஆண்டுக்கும் ஒரு சதுரம், ஆண்டுக்கும் பணிக்கும் ஒரு சதுரம் என மூன்று சதுரங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 16 அறைகள், மொத்தம் 48. உண்டு என்றால் சரிக்குறி. இல்லை என்றால் பெருக்கல் குறி. ஓர் அறையில் சரிக்குறி விழுந்தால், அதே சதுரத்தில் அந்த வரிசையிலும் அந்த நிரலிலும் எஞ்சிய அறைகளில் பெருக்கல் குறி விழ வேண்டும். ஒரு வரிசையிலோ நிரலிலோ மூன்று பெருக்கல் குறிகள் விழுந்தால், எஞ்சிய ஓர் அறைக்குச் சரிக்குறி உரியது. சட்டம் இவ்வளவே.

முதற் குறிப்பை எடுத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் அது எதையுமே சொல்லாதது போலத் தோன்றும். யார் எந்த ஆண்டு என்று அதில் இல்லை. ஆனால் அது எட்டு ‘இல்லை’களைத் தருகிறது. மாரிமுத்து, வேலு, ஓட்டுநர் மூவரும் வெவ்வேறு ஆட்கள். ஆகவே மாரிமுத்துவும் வேலுவும் ஓட்டுநர் அல்லர். மாரிமுத்துவுக்குப் பின் இருவர் உளர். ஆகவே அவர் 1997-இலோ 2000-இலோ சேர்ந்திருக்க முடியாது. வேலுவுக்கு முன்னும் ஒருவர், பின்னும் ஒருவர். ஆகவே அவருக்கு 1991-உம் இல்லை, 2000-உம் இல்லை. ஓட்டுநருக்கு முன் இருவர்; ஆகவே அவருக்கு 1991-உம் இல்லை, 1994-உம் இல்லை. எண்ணிக்கொள்ளுங்கள், எட்டு.

இரண்டாம் குறிப்பு. செவிலியருக்கு முன் ஒருவர் இருப்பதால் செவிலியருக்கு 1991 இல்லை. எழுத்தருக்குப் பின் ஒருவர் இருப்பதால் எழுத்தருக்கு 2000 இல்லை. இக்குறிப்பு இத்துடன் தீர்ந்துவிடவில்லை; மீண்டும் இதனிடம் வருவோம்.

மூன்றாம் குறிப்பு நேரானது. பொன்னிக்கு 1994-இல் சரிக்குறி. உடனே மற்ற மூவருக்கும் 1994 இல்லை என்றாகிறது. மாரிமுத்துவுக்கு 1991 மட்டுமே எஞ்சுகிறது. வேலுவுக்கு 1997 மட்டுமே. அஞ்சலைக்கு 2000. பார்த்தீர்களா! ஒரு சரிக்குறி விழுந்தது; அதற்காகக் காத்திருந்த பெருக்கல் குறிகள் மற்ற மூன்றையும் கொண்டு வந்து சேர்த்தன.

நான்காம் குறிப்பு எழுத்தருக்கு 1991 இல்லை என்கிறது. இப்போது ஆண்டுக்கும் பணிக்கும் உரிய சதுரத்தில் 1991 வரிசையைப் பாருங்கள். ஓட்டுநர் இல்லை என்றது முதற் குறிப்பு. செவிலியர் இல்லை என்றது இரண்டாம் குறிப்பு. எழுத்தர் இல்லை என்றது நான்காம் குறிப்பு. மூன்று வெவ்வேறு குறிப்புகள் சொன்ன மூன்று ‘இல்லை’கள் கூடி ஓர் ‘உண்டு’ ஆகின்றன: 1991-இல் சேர்ந்தவர் ஆசிரியர். மாரிமுத்துவே 1991-இல் சேர்ந்தவர் என்று முன்னரே கண்டோம். ஆகவே மாரிமுத்து ஆசிரியர்.

அடுத்து, ஒரு சதுரத்தில் கண்டதை இன்னொரு சதுரத்திற்கு எடுத்துச் செல்லும் கலை. பொன்னி 1994-இல் சேர்ந்தவர். ஓட்டுநர் 1994-இல் சேர்ந்தவர் அல்லர். ஆகவே பொன்னி ஓட்டுநர் அல்லர். மாரிமுத்துவும் வேலுவும் ஓட்டுநர் அல்லர் என்பது முன்னரே தெரியும். எஞ்சியவர் அஞ்சலை ஒருவரே. அஞ்சலை இரயில் ஓட்டுநர், 2000-இல் சேர்ந்தவர்.

எழுத்தரும் செவிலியரும் மீதம். 1994-உம் 1997-உம் மீதம். இப்போது இரண்டாம் குறிப்பிடம் மீண்டும் செல்லுங்கள். எழுத்தர் முன்னவர்; 3 ஆண்டு கழித்துச் செவிலியர். ஆகவே 1994-இல் எழுத்தர், அவர் பொன்னி. 1997-இல் செவிலியர், அவர் வேலு. ஒரு குறிப்பை ஒரு முறை படித்துவிட்டு அடித்துவிடாதீர்கள். முதல் வாசிப்பில் கொடுக்காததை அது இரண்டாம் வாசிப்பில் கொடுக்கும்.

முடிவு இது:

1991: மாரிமுத்து, ஆசிரியர்
1994: பொன்னி, வங்கி எழுத்தர்
1997: வேலு, செவிலியர்
2000: அஞ்சலை, இரயில் ஓட்டுநர்

நிரம்பிய கட்டத்தை எண்ணிப் பாருங்கள். 12 சரிக்குறிகள், 36 பெருக்கல் குறிகள். நாலில் மூன்று பங்கு ‘இல்லை’. ‘இது இல்லை’ என்று தெரிந்துகொண்டவன் எதையும் தெரிந்துகொள்ளாதவன் என்று எண்ணி நம் மாணவர்கள் சோர்ந்துவிடுகிறார்கள். முதற் குறிப்பைப் படித்துவிட்டு, “இதில் ஒன்றும் இல்லை ஐயா” என்று தாளை மூடிவிடுகிறார்கள். அதில் எட்டு இருந்தது.

எங்கே வழுக்குகிறோம்

இப்புதிரை முன்பு நம் வகுப்பில் கொடுத்தபோது பலர் தவறினர். தவறிய இடம் ஒன்றே. செவிலியர் என்றதும் அது பெண் என்று கொண்டு வேலுவின் அறையில் பெருக்கல் குறி இட்டுவிட்டனர். இரயில் ஓட்டுநர் என்றதும் அது ஆண் என்று கொண்டு அஞ்சலையை விலக்கிவிட்டனர். பின்னர்க் கட்டம் எங்கோ முட்டிக்கொண்டு நின்றது. “எந்தக் குறிப்பு அப்படிச் சொன்னது?” என்று கேட்டேன். எவரிடமும் விடை இல்லை. ஆண் செவிலியர்கள் மருத்துவமனைகளில் பணிபுரிகின்றனர். மகாராட்டிரத்தைச் சேர்ந்த சுரேகா யாதவ் 1980-களின் இறுதியிலேயே இந்திய இரயில்வேயில் ஓட்டுநர் பணிக்கு வந்துவிட்டார். அப்படி ஒருவரும் வராமலே இருந்திருந்தாலும், குறிப்பில் இல்லாததைக் கட்டத்தில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

பெயரைக் கேட்டதும், ஊரைக் கேட்டதும், தெருவைக் கேட்டதும் ஒரு மனிதனின் தொழில் இன்னதுதான் என்று தீர்த்து எழுதிய உலகத்தில் வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பிழை எவ்வளவு கொடியது என்று நம்மைவிட அறிந்தவர் எவர்? அப்படிப்பட்ட நாமே வேலுவின் அறையில் சான்றில்லாமல் பெருக்கல் குறி இடலாமா?

இன்னொரு வழுக்கல், ஊகம். நேரம் ஓடுகிறதே என்று, ‘பொன்னி ஓட்டுநராக இருப்பாள்’ என மனம் போன போக்கில் சரிக்குறி இடுவது. ஒன்றைச் சரி என்று நம்பி எழுதுவது ஊகம். ஒன்றைச் சோதிப்பதற்காக ‘எனக் கொள்க’ என்று வைத்துப் பார்ப்பது வேறு. வடிவக் கணிதத்தில் அதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். பொன்னி ஓட்டுநர் எனக் கொள்வோம். அப்படியானால் ஓட்டுநர் 1994-இல் சேர்ந்தவர். அவருக்கு முன் மாரிமுத்து, வேலு இருவரும் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1994-க்கு முன் இருப்பது ஒரே ஆண்டு. இருவர் அதில் அடங்கார். ஆகவே கொண்டது தவறு. பொன்னி ஓட்டுநர் அல்லர். தவறான எண்ணம்கூட, இறுதிவரை பின்தொடர்ந்தால் ஒரு மெய்யைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. அதை மெல்லிய பென்சிலால் செய்யுங்கள்; மையால் செய்யாதீர்கள்.

மூன்றாவது, சொற்களைக் கூர்ந்து படியாமை. ‘பின்’ என்பது வேறு; ‘சரியாக 3 ஆண்டுகள் கழித்து’ என்பது வேறு. முதற் குறிப்பில் வரும் ‘பின்’ என்பதை ‘அடுத்து உடனே’ என்று படித்தவர், மாரிமுத்து 1991, வேலு 1994 என்று தொடங்கி மூன்றாம் குறிப்பில் மோதி நிற்பார்.

ஒரு பழைய நிகழ்ச்சி

கட்டத்தில் பெருக்கல் குறி இடும்போது, அதன் மூலையில் எந்தக் குறிப்பினால் அதை இட்டீர்கள் என்று அக்குறிப்பின் எண்ணையும் சிறிதாக எழுதுங்கள். ஆண்டுக்கும் பணிக்கும் உரிய சதுரத்தில் 1991 வரிசையின் மூன்று பெருக்கல் குறிகளிலும் 1, 2, 4 என்ற எண்கள் இருந்தன. ஆகவே எப்படி வந்தது என்று எவர் கேட்டாலும் விடை சொல்ல முடிந்தது. இந்தப் பழக்கத்தை நான் நூலிலிருந்து கற்கவில்லை. அதைச் சொல்ல ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் இங்கே வேண்டா. கணக்குத் தேர்வில் ஒரு கடினமான வினாவுக்கு வகுப்பிலேயே நான் ஒருவன்தான் சரியான விடை எழுதியிருந்தேன். ஆசிரியர் என்னை எழுப்பி, “யாரைப் பார்த்து எழுதினாய்?” என்றார். எவரும் எழுதாத விடையை யாரைப் பார்த்து எழுத முடியும் என்று கேட்கும் அறிவு எனக்கு அன்று இல்லை. பிரம்படி விழுந்தது. அடி வாங்கியபின், “ஐயா, செய்து காட்டுகிறேன்” என்று மட்டும் சொன்னேன். கரும்பலகைக்கு அனுப்பினார். கை நடுங்க, ஒவ்வொரு படியாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லி முடித்தேன். அவர் நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “உட்கார்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வருத்தம் தெரிவிக்கவும் இல்லை.

அவர் சொல்லாததைப் பற்றி இன்று எனக்குக் குறையில்லை. அன்று நான் கற்றுக்கொண்டது வேறு. எனக்காகச் சாட்சி சொல்ல அந்த வகுப்பில் எவரும் இல்லை. நான் எழுதிய படிகளே எனக்குச் சாட்சி சொல்லின. ஆகையால்தான் பிள்ளைகளிடம் விடையை மட்டும் எழுதாதீர்கள், வந்த வழியையும் எழுதுங்கள் என்று நான் ஓயாமல் சொல்கிறேன்.

அஞ்சலையின் இடம்

புதிரை முடிக்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு குறிப்புகளையும் திரும்பப் படியுங்கள். மாரிமுத்துவின் பெயர் வருகிறது, வேலுவின் பெயர் வருகிறது, பொன்னியின் பெயர் வருகிறது. அஞ்சலையின் பெயர் ஒன்றிலும் இல்லை. பணிகளுள் ஆசிரியர் என்ற சொல்லும் ஒன்றிலும் இல்லை. ஆயினும் அஞ்சலை 2000-இல் இரயில் ஓட்டுநராகச் சேர்ந்தார் என்பது, பெயர் சொல்லப்பட்ட பொன்னி 1994-இல் சேர்ந்தார் என்பதைப் போலவே உறுதி. ஒரு மயிரிழையும் குறைவில்லை. பதிவேட்டில் தன் பெயர் எழுதப்படாத ஒருத்தியின் இடத்தை, எழுதப்பட்டவற்றைப் பொறுமையாகவும் நேர்மையாகவும் படித்தே நிலைநாட்டிவிடலாம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இந்த அவையில் உள்ளவர்களுக்கு அது புரியும்.

வேண்டுகோள்

கட்டம் போடத் தெரிந்தால் தேர்வில் வென்றுவிடலாம் என்று பொய் நம்பிக்கை ஊட்ட நான் வரவில்லை. 20 நிமிடத்தில் 35 வினா என்பதற்கு விரைவு வேண்டும். விரைவுக்குப் பழக்கம் வேண்டும். பழக்கத்திற்கு நேரமும் விளக்கும் இடமும் வேண்டும். தேர்வுக் கூடத்தில் முதலில் எல்லாக் குறிப்புகளையும் ஒரு முறை படியுங்கள். உறுதியான குறிப்பிலிருந்து தொடங்குங்கள். நான்கைந்து நிமிடத்தில் வழி திறவாத புதிரை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்; அது தோல்வியாகாது. தவறான விடைக்கு மதிப்பெண் கழியும் தேர்வில், தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைப்பதும் ஓர் அறிவு.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளை தாளில் கட்டம் போட்டுப் பெருக்கல் குறி இட்டுக்கொண்டிருந்தால், விளையாடுகிறான் என்று அதட்டாதீர்கள். “இந்தக் குறியை ஏன் போட்டாய்?” என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கேட்கக்கூடிய கேள்வி அது. காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை தேறிவிட்டான் என்று கொள்ளுங்கள்.

சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. நூலக அறையை இரவு பத்து மணி வரை திறந்துவைத்து விளக்கெரிய ஏற்பாடு செய்ய வேண்டும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் புதிருக்கென ஒதுக்கி, மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குப் புதிர் புனைந்து கொடுக்கச் செய்ய வேண்டும். விடுவிப்பதில் கற்பதைக் காட்டிலும் புனைவதில் கற்பது மிகுதி. ஒரு குறிப்புக் குறைந்தால் விடை இரண்டாகும். ஒரு குறிப்புத் தவறினால் விடையே இராது. அந்தப் பொறுப்பு நம் பிள்ளைகளைச் செம்மைப்படுத்தும்.

இறுதியாக, ‘வராது’ என்று சொன்ன அந்த மாணவியைப் பற்றி நீங்கள் கேட்கக்கூடும். இதே புதிரை அவரிடம் கொடுத்தேன். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் பாதி வரை வந்தார். மூன்றாம் நாள் 48 அறைகளும் நிரம்பிய தாளை என் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். ஒவ்வொரு அறையின் மூலையிலும் எண் எழுதியிருந்தார். இவ்வாண்டு வங்கித் தேர்வில் முதல்நிலையைக் கடந்துவிட்டார். முதன்மைத் தேர்வின் முடிவு இன்னும் வரவில்லை. அது எவ்வாறு வந்தாலும், ‘வராது’ என்ற அந்தச் சொல்லின்மேல் அவர் தம் கையாலேயே ஒரு பெருக்கல் குறி இட்டுவிட்டார். அதற்குரிய காரணமும் அவரிடம் உண்டு.